பூட்டு சாவி

முதல் தேர்தலில் ஆறாம் வார்டு முழுக்க
அவர் சின்னத்தை எழுதியது நான்தான்.
சுயேச்சை. பூட்டு சாவி.
நீலப் பொடியில் பசை குறைந்து
பூட்டு மாங்காய் மாதிரி வந்துவிட்டது.
"போகட்டும் சேவுகா, சாவி சரியா இருக்குல்ல" என்றார்.
பதினேழு ஓட்டில் ஜெயித்தார் வீர. அடைக்கலம்.
எனக்குத் தர வேண்டிய முந்நூற்று இருபதில்
நூற்றைம்பது இன்னும் பாக்கி.

அப்புறம் கட்சி அவரைச் சேர்த்துக்கொண்டது,
அல்லது அவர் கட்சியை.
துணைத் தலைவர். பிறகு தலைவர்.
வேட்டிக்கரை அகலமாகிக்கொண்டே வந்தது.
பள்ளத்தூரில் அவர் போட்ட தெருவிளக்கு இருபத்தெட்டு,
எரிந்தது பத்தொன்பது,
கல்வெட்டில் நாற்பது.
அந்த நாற்பதுக்குக் கறுப்பு மை அடித்தவனும் நான்தான்.
இதையும் சொல்லிவிடுகிறேன்:
பிரசவ வலி என்று எந்நேரம் யார் கதவைத் தட்டினாலும்
ஜீப்பை அனுப்பினார்,
டீசல் காசு கேட்டதில்லை.

மூன்றாம் முறை தோற்றார்.
சொந்தத் தெருவிலேயே முப்பத்தொரு ஓட்டு.
ஆறு மாதம் வாசலுக்கு வரவில்லை.
கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
ஒருநாள் காக்கியில் வந்தார்.

ஊர்க்காவல் படை, வட்டாரத் தளபதி.
கௌரவப் பதவி. சம்பளம் கிடையாது.
இடுப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைத்தும்
பெல்ட் நாலாவது ஓட்டைக்கு வர மறுத்தது.
முதல் அணிவகுப்பில் நாங்கள் சல்யூட் அடிக்க
அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.
ஏட்டு பஞ்சவர்ணம் திரும்பி நின்று சிரித்தார்.
அந்த வரிசையில் நான் நாற்பத்தேழாம் எண்.
பகலில் சுவர், இரவில் லத்தி.

ரோந்து, பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு.
ஒரு வீட்டுக்கு முப்பத்தாறு பங்காளி,
ஒருத்தர் பினாங்கில், ஒருத்தர் டொராண்டோவில்,
வௌவால் மட்டும் உள்ளூர்.
முகப்புப் பூட்டை இழுத்துப் பார்த்து
நோட்டில் நேரம் எழுத வேண்டும்.
அடைக்கலம் கை குலுக்குகிற மாதிரி இழுப்பார்.
"ஓட்டே இல்லாத வீடுடா.
இங்க என்னை எவன் தோக்கடிப்பான்?"

மாசி மாதம், ஒரு மணி இருபது.
மு.சித. வீட்டுப் பின்கட்டில் லாரி.
பர்மாத் தேக்குத் தூண் பதினொன்று ஏறிவிட்டது,
பன்னிரண்டாவது கயிற்றில்.
விசில் ஊதினார்,
சத்தத்தை விட எச்சில் அதிகம் வந்தது.
ஆனால் ஓடிப்போய் வண்டி முன்னால் நின்றாரே,
அந்த உடம்போடு!
நான் நிற்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

டிரைவர் பதறவே இல்லை.
பாலிதீன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.
கட்டடத்தை இடிக்க ஆட்சேபணை இல்லை.
பேரூராட்சி முத்திரை. பச்சை மை.
வாலை மேலே சுழற்றுகிற அந்தக் கையெழுத்து.
டார்ச்சைப் பிடித்திருந்தது நான்.
இரண்டு முறை படித்தார்.
"தேதி இல்லையே."
"நீங்கதான் போடலை, தலைவரே."
மரியாதையாகத்தான் சொன்னான்.

பேனா கேட்டார்.
லாரி முகப்பில் தாளை வைத்து
அன்றைய தேதியைப் போட்டார்.
பக்கத்தில் நேரமும், நோட்டில் எழுதுகிற மாதிரியே:
ஒன்று முப்பத்தைந்து.
"இன்னைக்குத் தேதியில நான் தலைவர் இல்ல.
இது செல்லாது. வண்டியை ஸ்டேஷனுக்கு விடு."
டிரைவர் பக்கத்து சீட்டில்
அவரே ஏறி உட்கார்ந்தார்.

எழுத்தர் தூக்கக் கண்ணோடு பேரேட்டைத் திறந்தார்.
"புகார்தாரர்?"
"வீர. அடைக்கலம்."
"எதிரி?"
டிரைவர் பெயரைச் சொன்னார், லாரி எண்ணைச் சொன்னார்.
பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார்.
"அப்புறம் என் பேரையும் போடுங்க.
இன்ஷியலோட."
எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு
இன்ஸ்பெக்டரை எழுப்பப் போனார்.

வழக்கு தேவகோட்டையில் நடக்கிறது.
தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
பன்னிரண்டாவது தூண்
அந்தப் பின்கட்டில் சாய்ந்தபடியே இருக்கிறது.
முப்பத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டால்
நிமிர்த்தலாமாம்.